லோட் குடுத்தா விடியும்வரை ஓடுது, சும்மா விட்டா நிண்டிடுது: வீட்டில பூட்டின பிசி

கலியாணவீட்டுக்_கமரா:
வணக்கம், பெரிய அரியண்டமா இருக்கு, தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. நான் கலியாணவீடு, சாமத்தியவீடு வீடியோ எடிற் பண்ணுறனான். கடையில குடுக்காமல் வீட்டில நானே பூட்டின பிசி. ரைசன் 5 3600 ப்ரொசசர், பி450 மதர்போட், டிடிஆர்4 3200 ராம் 8 ஜிபி ரெண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சுப்பர் கிராபிக்ஸ் கார்ட், விண்டோஸ் 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டியில, வீடியோ எல்லாம் 1 டிபி ஹாட் டிஸ்க்கில, பவர் சப்ளை 450 வாட்.

என்ன நடக்குதெண்டா, ஓடிக்கொண்டு இருந்திட்டு திடீரெண்டு அப்பிடியே நிண்டிடுது. ப்ளூ ஸ்கிரீன் இல்லை, தானா றீஸ்ரார்ட் ஆகிறதும் இல்லை, ஸ்கிரீன்ல கடைசியா என்ன கிடந்துதோ அது அப்பிடியே கிடக்கும், மவுஸ் அசையாது, பாட்டு போட்டிருந்தா கடைசித் துண்டு ட்ர்ர்ர்ர் எண்டு இழுபடும். பவர் பட்டனை அமத்திப் பிடிச்சுத்தான் நிப்பாட்ட வேணும். சில நாள் ஒரு சோலியும் இல்லை, சில நாள் காலமை ஒருக்கா பின்னேரம் ஒருக்கா. இவென்ற் வியூவர்ல கேர்னல் பவர் 41 எண்டு மட்டும் சிவப்பில கிடக்கு. ஆவணி முகூர்த்தம் எல்லாம் வரிசையா வருது, வேலை தலைக்கு மேல நிக்குது.

ஒடியல்கூழ்:
போர்மற் அடிச்சு புது விண்டோஸ் போடு மச்சான், எல்லாம் சரிவரும். கிராக் சொப்ட்வேர் ஏதும் போட்டனியோ எண்டு நான் கேக்கவே மாட்டன் ஹிஹி.

கலியாணவீட்டுக்_கமரா:
போர்மற் அடிச்சாச்சு. வெறும் விண்டோஸ், டிரைவர் மட்டும் போட்டு விட்டன், அதிலயும் நிண்டுது.

பின்வளவு_பூனை:
41ஐப் பாத்து ஒரு முடிவும் எடுக்காதேங்கோ தம்பி. போன முறை ஒழுங்கா ஷட்டவுண் ஆகேல்ல எண்டு விண்டோஸ் திரும்ப எழும்பேக்க எழுதி வைக்கிற குறிப்பு அது, நீங்கள் பட்டனை அமத்தி நிப்பாட்டினதுக்கே விழும். அதைத் திறந்து டீற்றெயில்ஸ் பக்கம் போனா பக்செக் கோட் எண்டு ஒரு இலக்கம் இருக்கும். அது 0 எண்டா ப்ளூ ஸ்கிரீன் காட்டிற அளவுக்குக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கேல்ல எண்டு அர்த்தம்.

அடுத்த முறை நிக்கேக்க உடன பட்டனில கை வையாமல் பாருங்கோ. கப்ஸ் லொக்கை அமத்த கீபோட்டில லைற் மாறுதோ? மாறினா உள்ளுக்கு கேர்னல், அதாவது விண்டோஸின்ர அடி மூளை, உயிரோட இருக்கு, அனேகமா கிராபிக்ஸ் பக்கம். விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நாலையும் ஒண்டா அமத்தினா டிஸ்ப்ளே டிரைவர் திரும்ப எழும்பும், அதில படம் வந்தா ஆள் பிடிபட்டிட்டுது. மவுஸ் ஓடுது ஆனா தொட்ட விண்டோ எல்லாம் வெள்ளையாகி ஒவ்வொண்டா இறுகுது எண்டா டிஸ்க், இவென்ற் வியூவர்ல 129 இல்லாட்டி 153 கிடக்கும். லைற்றும் மாறாது, மவுஸும் இல்லை, சத்தமும் இழுபடுது எண்டா ப்ரொசசர், ராம், போட், பவர் எண்ட நாலுக்குள்ளதான் பெரும்பாலும். முக்கியமா ஒண்டு, எந்த நேரம் என்ன செய்துகொண்டு இருக்கேக்க நிண்டுது எண்டு எழுதி வையுங்கோ. திடீரெண்டு எண்டு சொன்னா காணாது.

கலியாணவீட்டுக்_கமரா:
பக்செக் கோட் 0 தான் அக்கா. கப்ஸ் லொக் லைற் செத்துப்போச்சு, நாலு பட்டனுக்கும் அசைவில்லை. நேரம் எழுதத் தொடங்கீட்டன்.

சுன்னாகம்_வயர்மன்:
தம்பி வீடு எந்தப் பக்கம்? தோட்டக்காணி கிட்டவோ? எல்லாரும் மோட்டர் போட்டு இறைக்கிற நேரம் லைன் எவ்வளவுக்கு இறங்குதெண்டு மீற்றர் வைச்சுப் பாத்தீரோ? இன்னொண்டு, வெறுங்காலோட நிண்டு கேசிங்கைத் தொட்டா சுள்ளெண்டு இருக்குதோ?

கலியாணவீட்டுக்_கமரா:
இணுவில் அண்ணை, சுத்திவரத் தோட்டம்தான். பின்னேரத்தில லைற் மங்கிறது உண்மை. கேசிங்கில புறங்கை பட்டா சுரீரெண்டும். அது எல்லா கொம்பியூட்டரிலயும் இருக்கிறது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தன்.

சுன்னாகம்_வயர்மன்:
எல்லாத்திலயும் இருக்காது, எர்த் இல்லாததில இருக்கும். பவர் சப்ளைக்குள்ள லைனில இருந்து எர்த்துக்கு ஒண்டு, நியூட்ரலில இருந்து எர்த்துக்கு ஒண்டு எண்டு சின்னக் கப்பாசிற்றர் ரெண்டு வைச்சிருப்பாங்கள், இரைச்சல் வடிகட்ட. எர்த் வயர் அந்தரத்தில நிண்டா கேசிங் 230இன்ர பாதியில, 115 வோல்ற் கிட்ட மிதக்கும். வாற கறண்ட் மிச்சம் சின்னன், அதால சுரீரோட போகுது, ஆனா அந்த நிலையில எச்டிஎம்ஐ கேபிளைக் கொழுவிக் கழட்டினா கிராபிக்ஸ் கார்ட் போனாலும் போகும். மூண்டு பின் பிளக்கை ரெண்டு பின் அடப்டரில குத்தியிருக்கிறீரோ எண்டு பாரும். இல்லாட்டி றொட்டைப் பாக்க வேணும். எங்கட கல்லுப் பூமியில வெயில் காலம் மண் காஞ்சா எர்த் றொட் பேருக்குத்தான் நிக்கும். ட்ரிப் சுவிச்சில இருக்கிற ரெஸ்ற் பட்டனை அமத்திப் போட்டு எர்த் நல்லம் எண்டு இருந்திடாதையும், அது ட்ரிப் விழுகுதோ எண்டதை மட்டும்தான் சொல்லும். ஆளைக் கூப்பிட்டு எர்த்தை மீற்றர் வைச்சுப் பாக்கச் சொல்லும்.

ஸ்காபரோ_குளிர்:
நல்ல யூபிஎஸ் ஒண்டு வேண்டி வையும் தம்பி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை சப்ஸ்ரேசனில ஒரு குரங்கு ஏற முழுத் தீவுக்கும் கறண்ட் போன நாடு அது. நான் அம்மாவோட கதைச்சுக்கொண்டு இருக்கேக்க லைன் கட், என்ன ஏதோ எண்டு பதறிப்போனம், பாத்தா குரங்கு.

பின்வளவு_பூனை:
அண்ணை சொன்ன எர்த்தை இண்டைக்கே பாக்க வேணும், அதில மறுகதை இல்லை. ஆனா இந்த ஹேங்குக்கு அதுதான் காரணம் எண்டு நான் நினைக்கேல்ல. லைன் ஒரு கணம் இறங்கினா பவர் சப்ளை தனக்குள்ள இருக்கிற பெரிய கப்பாசிற்றரால கொஞ்ச நேரம் சமாளிக்கும், பிசி சப்ளையளுக்கான ஏரிஎக்ஸ் தரக் கணக்குப்படி 16 மில்லி செக்கன்ட் கிட்ட. அதுக்கு மேல போனா, பவர் ஒழுங்கா வருது எண்டு சப்ளை போட்டுக்குச் சொல்லுற பவர் குட் சிக்னல் விழுந்து மிசின் றீஸ்ரார்ட் ஆகும், இல்லாட்டி ஒரேயடியா அணைஞ்சுபோகும். இவற்ற மிசின் றீஸ்ரார்ட் ஆகிறதே இல்லையே, ஸ்கிரீன்ல படம் நிக்குது. யூபிஎஸ் நல்லது, ரெண்டர் நடுவில கறண்ட் போனா உதவும், ஆனா இதுக்கு அதை வேண்டினா காசும் போய் ஹேங்கும் இருக்கும்.

கம்பஸ்_கன்ரீன்:
நான் ராம் எண்டுதான் சொல்லுவன். ராமைச் சோதிக்கிற மெம்ரெஸ்ற்86 பிளஸை பென் டிரைவில போட்டு இராவிரவா ஓட விடுங்கோ. அது சுத்தமா வந்தாலும் பயோஸில எக்ஸ்எம்பியை (ராமைக் கூடின வேகத்தில ஓட்டிற செற்றிங்) நிப்பாட்டி 2133இல ஓட்டிப் பாருங்கோ. 3200 எண்டு பெட்டியில போட்டிருக்கிறது எக்ஸ்எம்பி போட்டு 1.35 வோல்ற் குடுத்தால் வாற வேகம், டிடிஆர்4இன்ர சாதாரண வோல்ற்றேஜ் 1.2 தான். ரெண்டு துண்டும் ப்ரொசசர் பக்கத்தில இருந்து ரெண்டாவது, நாலாவது சொக்கெற்றில இருக்க வேணும். பிறகு ஒவ்வொரு துண்டாப் போட்டும் பாருங்கோ. இன்னொரு வேலை, உபுண்டுவை பென் டிரைவில இருந்து ஓட்டி, உள்ளுக்க இருக்கிற டிஸ்க் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, அப்பிடியே விடுங்கோ. அதிலயும் நிண்டா விண்டோஸ், டிரைவர், டிஸ்க் மூண்டையும் ஒரே வெட்டா வெட்டி விடலாம், அலட்டத் தேவையில்லை.

ஒடியல்கூழ்:
450 வாட் காணாது மச்சான், 750 போடு.

பின்வளவு_பூனை:
3600 க்கு 65 வாட், 1660 சுப்பருக்கு 125 வாட். ப்ரொசசர் பூஸ்ற்றில ஏறினாலும், டிஸ்க் ஃபான் எல்லாம் சேத்தாலும் 250ஐத் தாண்டுறது கஷ்டம். வாட் காணுது. அந்த 450 எப்பிடிப்பட்ட 450 எண்டது வேற கதை. சூடு, லோட் எல்லாம் காட்டிற எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட புரோகிராமைப் போட்டு லொக் எழுத விடுங்கோ, ரெண்டு செக்கன்டுக்கு ஒரு வரியா சிஎஸ்வி பைல்ல விழும். நிண்ட பிறகு கடைசி வரியைப் பாத்தா நிக்க முதல் சூடு எவ்வளவு, லோட் எவ்வளவு எண்டு தெரியும்.

கலியாணவீட்டுக்_கமரா:
சரி, எல்லாம் செய்து பாத்தாச்சு, நீளமா எழுதிறன் பொறுத்துக்கொள்ளுங்கோ. எர்த் முதல், வயர்மன் வந்து பாத்தார், அறை சொக்கெற்றுக்கு எர்த் வயரே இழுக்கேல்ல, பழைய வீடு. இழுத்தாச்சு, சுரீர் போட்டுது, ஹேங் போகேல்ல. மெம்ரெஸ்ற் இராவிரவா ஓடி ஒரு எரரும் இல்லை. எக்ஸ்எம்பி இல்லாமலும் நிண்டுது, ஒவ்வொரு துண்டாப் போட்டும் நிண்டுது. டிஸ்க் எல்லாம் கழட்டி உபுண்டுவில விட, அதிலயும் நிண்டுது! டிஸ்க்கின்ர நிலைமை காட்டிற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில ஹாட் டிஸ்க்குக்கு சி7 எண்ட இடத்தில மட்டும் கொஞ்சம் எண்ணிக்கை கிடந்துது, அது சாட்டா கேபிளாம், மாத்தியாச்சு, இதுக்கும் ஹேங்குக்கும் தொடர்பில்லை. ப்ரொசசருக்கு முழு லோட் குடுக்கிற ப்ரைம்95, கிராபிக்ஸ் கார்டுக்குக் குடுக்கிற ஃபர்மார்க் ரெண்டையும் ஒண்டா ஓட்டினன், அறை அடுப்படி மாதிரிச் சூடாச்சு, ப்ரொசசர் 80 டிகிரி தாண்டிச்சுது, ஆனா நிக்கேல்ல.

இப்ப விசயம். நேரம் எழுதி வைச்சதைப் பாத்தா ரெண்டர் ஓடேக்க ஒருக்காலும் நிக்கேல்ல. இராத்திரி ரெண்டருக்குப் போட்டுப் படுத்தன், காலமை பாத்தா ஹேங். ஆனா வீடியோ பைல் முழுசா இருக்கு, பைல்ல நேரம் 2.40, ஸ்கிரீன்ல மணிக்கூடு 3.05இல நிக்குது. எச்டபிள்யூஇன்ஃபோ கடைசி வரியில ப்ரொசசர் லோட் ஒரு வீதம், சூடு 41. மற்ற எல்லாமும் அப்பிடித்தான், சாப்பிடப் போன நேரம், போன் கதைச்ச நேரம், பாட்டு மட்டும் ஓடின நேரம்.

ஒடியல்கூழ்:
வேலை இருந்தா ஒழுங்கா நிக்குது, வேலை இல்லாட்டி குழப்பம் பண்ணுது. எங்கட சந்திப் பெடியள்தான்.

பின்வளவு_பூனை:
தம்பி இந்தக் குறிப்பு ஒண்டுதான் இவ்வளவு நாளும் வேண்டியிருந்தது. லோட் குடுத்து நிக்காத மிசினை எல்லாரும் நல்ல மிசின் எண்டு சொல்லிப்போடுவாங்கள், சும்மா இருக்கிறதும் ஒரு சோதினை எண்டு ஆரும் யோசிக்கிறேல்ல. மெம்ரெஸ்ற், ப்ரைம்95, ஃபர்மார்க் மூண்டும் ப்ரொசசரை நித்திரை கொள்ள விடாத புரோகிராம்கள், உங்கட பிரச்சினை நித்திரையிலதான் வருது.

வேலை இல்லாத நேரம் ப்ரொசசர் தன்ர கோர்களை ஒவ்வொண்டா நிப்பாட்டி வைக்கும், ஆழமான நிலை சி6, அதில கோருக்குப் போற பவரையே வெட்டி விடும். அந்த நேரம் ப்ரொசசர் 12 வோல்ற் லைனில இழுக்கிற கறண்ட் சொட்டுத்தான். உடன ஒரு வேலை வந்தா கண் மூடித் திறக்க முதல் பல மடங்காப் பாயும். சில பழைய பவர் சப்ளையள் அந்தச் சொட்டில ஒழுங்கா நிக்காது. 2013இல இன்டெல்லின்ர ஹாஸ்வெல் தலைமுறை ப்ரொசசர் வரேக்க இதே கதை வந்தது, சிபியு பக்கத்து 12 வோல்ற் லைன் 0.05 அம்பியர் வரைக்கும் இறங்கினாலும் தாங்க வேணும் எண்டு சொன்னாங்கள், அதுக்கு முதல் 0.5 அம்பியர்தான் குறைஞ்ச கணக்கு, பத்து மடங்கு வித்தியாசம். அதால அப்ப ஹாஸ்வெல் ரெடி எண்டு பெட்டியில ஒட்டி ஒட்டி வித்தாங்கள். ரைசன் போட்டுகளின்ர பயோஸில அதுக்கெண்டே ஒரு செற்றிங் இருக்கு, பவர் சப்ளை ஐடில் கொன்ட்ரோல் எண்டு, ஐடில் எண்டா சும்மா நிக்கிறது. ஏஎம்டி சிபிஎஸ், சிபியு கொமன் ஒப்ஷன்ஸ் எண்டு போய்ப் பாருங்கோ. ஓட்டோவில இருக்கும், அதை டிப்பிக்கல் கறண்ட் ஐடில் எண்டு மாத்துங்கோ. வேற ஒண்டையும் தொடாதேங்கோ, பயோஸ் அப்டேற்றும் இப்ப வேண்டாம். ரெண்டை ஒண்டா மாத்தினா எது சரியாக்கினது எண்டு கடைசிவரை தெரியாது.

பவர் சப்ளை எந்தக் காலத்துச் சாமான்?

கம்பஸ்_கன்ரீன்:
அக்கா இது 2017 முதல் ரைசன் காலத்துப் பிரச்சினையெல்லோ, லினக்ஸ்காரர்தான் கூட மாட்டுப்பட்டவை. 3600 வந்தது 2019. அதில இது இருக்கக்கூடாது.

பின்வளவு_பூனை:
ப்ரொசசரில பிழை எண்டு நான் சொல்லேல்ல தம்பி. அந்த செற்றிங்கை இதில வைத்தியமாப் பாவிக்கேல்ல, சோதினையாப் பாவிக்கிறம். மாத்தினாப் பிறகு நிக்கேல்ல எண்டா கோளாறு ஐடில் பவர் பக்கம் எண்டு தெரியும், அங்கால சப்ளையா போட்டா எண்டு பாக்கலாம். மாத்தியும் நிண்டா நான் வாயை மூடுறன், நீங்கள் ராமுக்குத் திரும்பிப் போகலாம்.

கலியாணவீட்டுக்_கமரா:
சப்ளை அண்ணா வெளிநாடு போகேக்க விட்டிட்டுப் போன மிசின்ர. கோர் 2 டுவோ. 2010, 11 வாக்கில வேண்டினதா இருக்கும். நல்லா ஓடுது எண்டு கழட்டிப் போட்டனான்.

சுன்னாகம்_வயர்மன்:
பொறும், மாத்த முதல் மீற்றரை வையும். நாலு பின் மொலெக்ஸில மஞ்சளுக்கும் கறுப்புக்கும். 11.4 இல இருந்து 12.6 வரைக்கும் சரி.

கலியாணவீட்டுக்_கமரா:
சும்மா நிக்கேக்க 12.48 அண்ணை, ரெண்டர் ஓடேக்க 12.1. ரெண்டும் சரிக்குள்ளதானே?

சுன்னாகம்_வயர்மன்:
சரிக்குள்ளதான், ஆனா சும்மா நிக்கேக்க மேல ஏறி நிக்குது. மீற்றர் சராசரியைத்தான் காட்டும். 12 வோல்ற்றில ரிப்பிள், அதாவது வோல்ற்றேஜ் வேகமா ஏறி இறங்கிற சின்ன அலை, 120 மில்லி வோல்ற்றுக்கு மேல போகக்கூடாது, அதைப் பாக்க ஒசிலோஸ்கோப் வேணும், வீட்டு மீற்றருக்கு அது தெரியாது. பழைய மலிவுச் சப்ளையள் 12ஐயும் 5ஐயும் ஒரே கட்டுப்பாட்டில வைச்சிருக்கும். அந்தக் காலத்து மிசின் 5 வோல்ற்றிலயும் நல்லா இழுத்தது, இப்பத்தை மிசின் முழுக்க 12இல. ஒண்டு இழுக்க மற்றது ஏறும். பத்து வருசத்துக்கு மேல எங்கட வெக்கையில நிண்ட கப்பாசிற்றர் வேற. அந்தப் பிள்ளை சொல்லுறது சரிபோலதான் கிடக்கு, செய்து பாரும்.

ஸ்காபரோ_குளிர்:
புதுச் சப்ளை வேண்டிப் போட்டா ஒரே நாளில முடியிற விசயத்துக்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி.

பின்வளவு_பூனை:
உங்களுக்கு அங்க வேண்டிப் பாத்திட்டு சரிவராட்டித் திருப்பிக் குடுக்கலாம். இஞ்ச பெட்டி உடைச்சா உடைச்சதுதான். காசு குடுக்க முதல் தெரிஞ்சுகொள்ளுறது நல்லம்.

கலியாணவீட்டுக்_கமரா:
அப்டேற். டிப்பிக்கல் கறண்ட் ஐடில் போட்டு மிசினை இராப்பகலா சும்மாவே விட்டன், பாட்டு, வோல்பேப்பரில ஒரு நல்லூர்த் தேர்ப் படம், வேற ஒண்டும் இல்லை. நிக்கேல்ல. ஒரு கிழமைக்கு மேல போச்சு. அக்கா சொன்னதால திரும்ப ஓட்டோவுக்கு மாத்தினன், அண்டு பின்னேரமே நிண்டுது. பிறகு கூட்டாளியின்ர புதுச் சப்ளையை இரவல் வேண்டி, பயோஸ் ஓட்டோவிலயே விட்டு, அப்பிடியே ஓட்டிப் பாத்தன், நிக்கேல்ல. போட் நல்லம், சப்ளைதான்.

கம்பஸ்_கன்ரீன்:
ஓகே, ஒத்துக்கொள்ளுறன், இது கையில பிடிச்ச மாதிரித்தான். ஒரு கேள்வி, அந்த செற்றிங்கிலயே விட்டிட்டு பழைய சப்ளையோடயே ஓட்டக்கூடாதோ? காசு மிச்சம்.

பின்வளவு_பூனை:
ஓட்டலாம், சும்மா நிக்கேக்க கொஞ்ச வாட் கூட எரியும், அவ்வளவுதான். நான் எண்டா ஓட்டமாட்டன். சும்மா நிக்கேக்க தடுமாறுற சப்ளை ஒருநாள் லோட்டிலயும் தடுமாறும், அதோட கொழுவிக் கிடக்கிறது ஆற்றையோ கலியாண வீடியோ, திருப்பி எடுக்கேலாது.

புதுசு வேண்டேக்க 80 பிளஸ் ஸ்ரிக்கரை மட்டும் பாத்து எடுக்காதேங்கோ தம்பி. அது எவ்வளவு கறண்ட் வீணாகுது எண்ட கணக்கு, வோல்ற்றேஜ் எவ்வளவு நிலையா நிக்கும் எண்டதுக்கு அது சாட்சி இல்லை. 12 வோல்ற்றில இருந்து 5ஐயும் 3.3ஐயும் தனியாப் பிறிச்சு எடுக்கிற டிசி டு டிசி வகையோ எண்டு கேளுங்கோ, வொறன்ரி எத்தினை வருசம், அதை யாழ்ப்பாணத்திலயே குடுக்கலாமோ, கொழும்புக்கு அனுப்ப வேணுமோ எண்டும் கேளுங்கோ. 550 வாட் தாராளம். புதுசு போட்டாப் பிறகு பயோஸை ஓட்டோவுக்கு விடுங்கோ.

ஒடியல்கூழ்:
பழசைத் திறந்து கப்பாசிற்றர் மாத்தினா என்ன? யூரியூப்பில ஒருத்தன் மாத்திறான்.

சுன்னாகம்_வயர்மன்:
பிளக்கைக் கழட்டின பிறகும் உள்ளுக்க இருக்கிற பெரிய கப்பாசிற்றரில 300 வோல்ற்றுக்கு மேல கிடக்கும். யூரியூப்பில மாத்திறவன் அதை இறக்கிப்போட்டுத்தான் கை வைக்கிறான், அந்தத் துண்டை வீடியோவில வெட்டியிருப்பான். உமக்கு வேலை தெரியாட்டி திறக்காதையும். தம்பி கமரா, நீர் அதை ஆருக்கும் வித்துப்போடாதையும், இன்னொரு வீட்டில இதே கூத்து நடக்கும்.

வல்லை_வெளி:
இதே மாதிரி எனக்கும் ஹேங். இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ9, கேம் விளையாடேக்க மட்டும், சில நேரம் கேம் தானா மூடுப்படுது. நானும் பயோஸில ஐடில் செற்றிங் மாத்தட்டோ?

பின்வளவு_பூனை:
வேண்டாம், உங்கட கதை தலைகீழ், லோட்டிலதானே நிக்குது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசசருகளுக்கு வோல்ற்றேஜ் கூடப் போய் உள்ளுக்கு பழுதாகிற பிரச்சினையை இன்டெல்லே ஒத்துக்கொண்டு 2024 ஓகஸ்ற்றில 0எக்ஸ்129, அதுக்குப் பிறகு 0எக்ஸ்12பி எண்டு மைக்ரோகோட், அதாவது ப்ரொசசருக்கு உள்ளுக்க ஓடுற கோட்டுக்கான திருத்தம், விட்டது. உங்கட போட்டுக்கு வந்த கடைசி பயோஸைப் போடுங்கோ. ஏற்கனவே பழுதானதை அது திருத்தாது, ஆனா பெட்டியில வித்த ப்ரொசசருகளுக்கு வொறன்ரியை ரெண்டு வருசம் கூட்டி அஞ்சாக்கினவை, பில் இருந்தா எடுத்து வையுங்கோ. புது இழை ஒண்டு திறந்து போட், ராம், எந்த கேம், நிக்கேக்க கப்ஸ் லொக் லைற் மாறுதோ எண்டதையும் எழுதுங்கோ, அங்க பாப்பம்.